உன் பெண்ணும் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டையும்

ராயபுரம், கல்மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

பாப்பா ஈவோ-டீவோவில் (கருவில் உடல் உருவாகும் விதம் பரிணாமத்தில் எப்படி மாறுகிறது என்ற படிப்பு) பிஎச்டி பண்ணியே தீருவேன் என்று நிற்கிறாளாம், நீ மஸ்கட்டில் தூக்கம் கெட்டுக் கிடக்கிறாயாம். தங்கச்சி போனில் சொல்லி அழாத குறை. இங்கே எல்லாரும் சுகம். கேரம் கோஷ்டி உன்னைக் கேட்டது. அந்த ரெட் காயின் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.

“கோழி ரெக்கையை நோண்டினால் சோறு கிடைக்குமா” என்று கேட்டாயாமே. காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூரு என்சிபிஎஸ், மும்பை டிஐஎஃப்ஆர் மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பிஎச்டி முடிய ஐந்தாறு வருஷம் ஆகும். அப்புறம் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை. நிரந்தர நாற்காலியில் உட்காரும்போது பலருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இதையெல்லாம் அவளிடமும் மறைக்காமல் சொல். ஆனால் இதை மட்டும் சொல்லி அவளை மறிக்காதே. அந்த வேலை என்ன என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கிளிஃப் டேபின் என்று ஒருத்தர், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மரபியல் பேராசிரியர். எம்ஐடியில் ராபர்ட் வெய்ன்பெர்க்கிடம் பிஎச்டி மாணவராக இருந்தபோது, 1982இல், ராஸ் என்ற சாதாரண ஜீன் புற்றுநோய் ஜீனாக மாற டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும் என்று காட்டிய குழுவின் முதல் ஆசிரியர் அவர்தான். அந்த வயதில் அப்படி ஒரு வெற்றி கிடைத்தால் யாராக இருந்தாலும் புற்றுநோயிலேயே ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் அதை விட்டுவிட்டு, கையும் காலும் எப்படி முளைக்கின்றன என்று கேட்கப் போனார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி அதற்குத்தான்.

கோழிக் கருவில் ரெக்கை முதலில் ஒரு சின்ன மொட்டுதான். அதன் பின்விளிம்பில் இருக்கும் ஒரு துளி திசுவை வெட்டி, இன்னொரு கருவின் ரெக்கை மொட்டின் முன்விளிம்பில் ஒட்டினால், மூன்று விரல் வர வேண்டிய இடத்தில் ஆறு வரும், கண்ணாடியில் பார்த்த மாதிரி: 4-3-2-2-3-4 (சாதாரண ரெக்கையின் விரல்களுக்கு 2, 3, 4 என்று எண்). சாண்டர்ஸும் கேஸலிங்கும் 1968இல் இதை எழுதினார்கள். அந்தத் துளித் திசு அக்கம்பக்கத்துச் செல்களிடம் என்ன சொல்கிறது என்பது இருபத்தைந்து வருஷம் பிடிபடவில்லை. 1993 கடைசியில் டேபின் ஆய்வகம் விடை சொன்னது: சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீன். (ஆமாம், வீடியோ கேம் பெயர்தான்.) திசுவே வேண்டாம், அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்களை மட்டும் முன்விளிம்பில் வைத்தாலே அதே ஆறு விரல் வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் என்னை உலுக்குகிறது. அந்த ஜீன் கை மொட்டில் எங்கே விளக்கு மாதிரி எரிய வேண்டும், அதாவது வேலை செய்ய வேண்டும், என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ சுவிட்ச், ஜீனிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு ஜீனுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மனிதரில் அந்தச் சுவிட்சில் ஒரு எழுத்து மாறினால் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கிறது. இது 2003இல் தெரிந்தது. பாம்பிலோ அந்தச் சுவிட்ச் சிதைந்து கிடக்கிறது. 2016இல் பெர்க்லியில் பாம்பின் சுவிட்சை எலிக்கு வைத்தார்கள், எலியின் கால்கள் வெறும் குட்டைக் கட்டையாக நின்றுவிட்டன. பாம்பு தொலைத்திருந்த 17 எழுத்தைத் திருப்பிச் சேர்த்ததும் கால் முழுசாக வந்தது. ஜீன் அதேதான். அது எங்கே, எப்போது, எவ்வளவு எரிகிறது என்பதில்தான் உடலின் வடிவம் மாறுகிறது. டார்வின் குருவிகளின் அலகிலும் இதே கதை: அகலமான, தடித்த அலகு உள்ள இனத்தின் கருவில் பிஎம்பி4 என்ற ஜீன் முன்கூட்டியே, அதிகமாக எரிகிறது. கோழிக் கருவின் அலகில் பிஎம்பி4ஐக் கூட்டிப் பார்த்தார்கள், அலகு தடித்தது. 2004இல் வந்த கட்டுரை. குருவியில் பார்த்ததைக் கோழியில் செய்து காட்டினால்தான் அது நிரூபணம். இதைப் பாப்பா மனசில் நன்றாகப் பதித்துக்கொள்ளட்டும்.

ஆனால் மாப்ளே, படித்து ரசிப்பது வேறு, மைக்ரோஸ்கோப் முன் மணிக்கணக்கில் உட்காருவது வேறு. விண்ணப்பம் போடும் முன் அவள் ஒரு டஜன் முட்டையில் கை வைக்கட்டும். எப்படி என்று எழுதுகிறேன், இதை அப்படியே அவளுக்கு அனுப்பு.

கடை முட்டை ஆகாது. கூண்டுக் கோழிக்குப் பக்கத்தில் சேவல் கிடையாது, முட்டையில் கரு இருக்காது. மாதவரம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அடைக்கு வைக்கும் முட்டை கிடைக்குமா என்று கேட்கட்டும், இல்லாவிட்டால் சேவலோடு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் வாங்கட்டும். அன்று இட்ட முட்டையாக இருக்க வேண்டும். நம் ஊர் சூட்டில் இதுதான் பெரிய தொல்லை: 27 டிகிரிக்கு மேல் போனால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, கோணிப்போய்ச் செத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரிலேயே சாகும். 13 முதல் 16 டிகிரியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், அந்த வசதி வீட்டில் யாரிடம் இருக்கிறது? அதனால் வாங்கிய அன்றே இன்குபேட்டருக்குப் போகட்டும். பைக்கில் கொண்டு போகக் கூடாது, பஸ்ஸில் மடியில் ட்ரேயோடு வைத்துக்கொள்ளட்டும். வந்ததும் கூர்முனை கீழே இருக்க, சில மணி நேரம் ஆடாமல் வைக்க வேண்டும்.

இன்குபேட்டர் 37.5இலிருந்து 38 டிகிரி. உள்ளே தண்ணீர்த் தட்டு கட்டாயம், ஈரப்பதம் 60 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். முட்டையைப் படுக்க வைத்து, மேல்பக்கம் பென்சிலால் குறி போடட்டும். கரு மிதந்து அந்தக் குறிக்குக் கீழே வந்து நிற்கும். மூன்றாம் நாள் மொண்ணை முனையில் சிறு துளை போட்டு, 18 கேஜ் ஊசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்ச வேண்டும். ஊசி நிமிர்ந்தால் மஞ்சள்கரு கிழியும், அந்த முட்டை அவ்வளவுதான். வெள்ளைக்கரு குறைந்ததும் கரு முட்டை ஓட்டிலிருந்து விலகிக் கீழே இறங்கும். அதற்கப்புறம்தான் மேலே செல்லோடேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் ஜன்னல் வெட்ட வேண்டும். இதை நாலாம் நாளுக்கு மேல் தள்ளிப் போட்டால் ரத்தநாளங்கள் ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், வெட்டியதும் ரத்தம் கொட்டும்.

உள்ளே இதயம் துடிப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ரெக்கை மொட்டைப் பார்க்க டைசெக்டிங் மைக்ரோஸ்கோப் வேண்டும். கருவின் வயதை மணிக்கணக்கில் எழுதாமல், ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற இருவர் 1951இல் வகுத்த 46 கட்டங்களில் எழுதப் பழகட்டும். ஒரே ட்ரேயில் இருந்தாலும் முட்டைக்கு முட்டை வேகம் மாறும். முடிந்ததும் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ரிங்கர் உப்புக் கரைசல் சில சொட்டு விட்டு, சுருக்கமில்லாமல் டேப்பால் மூட வேண்டும். டேப்பில் சின்ன மடிப்பு இருந்தாலும் உள்ளே காய்ந்துவிடும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டவே கூடாது.

திசு ஒட்டுவதெல்லாம் இப்போது வேண்டாம். பத்தாம் நாள் வரை உயிரோடு கொண்டுபோனாலே பெரிய விஷயம். அன்றோடு நிறுத்தி, ஆல்கஹாலில் பதப்படுத்தி, அமிலம் கலந்த ஆல்கஹாலில் கரைத்த ஆல்சியன் புளூ சாயத்தில் ஓர் இரவு ஊற வைக்கட்டும். மீதிச் சாயத்தை வெளியேற்றி மெத்தில் சாலிசிலேட்டில் போட்டால், மூட்டுவலித் தைல வாடைக்கு நடுவில் சதை கண்ணாடியாகத் தெளிந்து, குருத்தெலும்பு விரல் மூன்றும் நீலமாக நிற்கும்.

பாப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதால் இன்னொன்று. டேபின் 2011இல், கணக்கும் இயற்பியலும் கலந்து ஆராயும் எல். மகாதேவனோடு சேர்ந்து, குடல் ஏன் அந்தக் குறிப்பிட்ட மடிப்புகளில் சுருள்கிறது என்று எழுதினார். மகாதேவன் நம்ம கிண்டி ஐஐடியில் படித்தவர். ரப்பர் குழாயை, இழுத்துப் பிடித்த ரப்பர் தாளின் விளிம்பில் தைத்துவிட்டு, தாளை விட்டார்கள். குழாய் குடல் மாதிரியே சுருண்டது. கருவில் குடல் வேகமாக நீள்கிறது, அதைப் பிடித்திருக்கும் சவ்வு அந்த வேகத்துக்கு நீளவில்லை, சுருள் அதிலிருந்து பிறக்கிறது. சவ்வைப் பிரித்தெடுத்தால் குடல் நேராகிவிடும். ஜீன் மட்டும் படித்தால் போதாது, இயற்பியலும் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முட்டையில் பாதி செத்தும் அவள் மறுபடி மாதவரம் போகிறாள் என்றால், நீ பேசாமல் கையெழுத்துப் போடு. சலித்துப்போனாள் என்றால் நானே உட்கார வைத்துப் பேசுகிறேன், வேறு வழி நிறைய இருக்கிறது. பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றுக்கு ஃபார்மலின் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பெரம்பூரிலிருந்து அத்தையோடு வரச் சொல்.

அன்புடன்,
கல்மண்டபத்தான்