வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. நூலக அலமாரிகள் இரண்டு பழுது பார்க்கப்பட்டன. கட்டுரைப் போட்டி வழக்கம்போல் நடந்தது.

'உள்ளிருந்தே உடையும் மக்களாட்சி' என்ற தலைப்பில் ஆறு சனிக்கிழமைகள் உரைத்தொடர் நடத்தினோம். இது யாருடைய யோசனை என்பது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது; நான் சொல்லத் தேவையில்லை. முதல் உரைக்கு 31 பேர் வந்தார்கள். ஆறாவது உரைக்குப் பேச்சாளரையும் என்னையும் சேர்த்து ஏழு பேர்.

பாப்புலிசம் என்றால் இலவச அறிவிப்பு என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். தேர்தல் என்றால் வாக்குறுதி இருக்கத்தான் செய்யும், அதைக் கேட்டுவிட்டு நம்பாமலும் இருக்கலாம். 'மக்கள் என்றால் என் பின்னால் நிற்பவர்கள் மட்டுமே, மற்றவர்கள் துரோகிகள்' என்று ஒருவர் பேச ஆரம்பிக்கும் இடம்தான் பாப்புலிசம். அதன்பின் நீதிமன்றம், பத்திரிகை, கணக்குத் தணிக்கை அதிகாரி எல்லாருமே அவருக்கு மக்களின் எதிரிகள்.

மூன்றாவது உரையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், காரணம் பின்னால் தெரியும். 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசு நாடாளுமன்றத்திடமே கேட்டது. மொத்த உறுப்பினர்கள் 647. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 432 பேர் அவையில் இருந்தாக வேண்டும். கம்யூனிஸ்டுகள் 81 பேரை ஏற்கெனவே சிறையிலடைத்தும் விரட்டியும் ஒழித்திருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரும் வெளிநடப்புச் செய்து, இன்னும் 15 பேர் வராமல் போனால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) கிடையாது. ஆகவே முதலில் அவை விதியைத் திருத்தினார்கள்: தக்க காரணமில்லாமல் வராதவரும் வந்தவராகவே கணக்கிடப்படுவார். மசோதா 444க்கு 94 என்று நிறைவேறியது. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

அந்த உரை முடிந்து இரண்டே மாதத்தில் நம் வட்டத்தில் நடந்ததை எல்லாரும் அறிவீர்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் ஒருவர் (பெயர் வேண்டாம்) குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். அதில் அவர் சொன்னது: நிர்வாகம் ஒரு கும்பல். சாதாரண உறுப்பினரின் குரல் நான். சந்தாவை ரத்து செய்வோம், தணிக்கைக் குழுவைக் கலைப்போம், தலைவர் பதவிக்குக் கால வரம்பே வேண்டாம். இரண்டு நாளில் 41 கட்டைவிரல்கள் நிமிர்ந்தன. அதில் ஒன்று பேத்தி விளையாடும்போது அழுத்தியது என்று ஒரு நண்பர் பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டினேன். மொத்தம் 84 உறுப்பினர்கள், கோரத்துக்கு 28 பேர் வேண்டும், வந்தவர்கள் 19. கட்டைவிரல் காட்டிய 41 பேரையும் வந்தவர்களாக வைத்துக்கொள்ளலாமே என்று குரல் பதிவு அனுப்பியவர் கேட்டார். முடியாது என்றேன். 'செயலாளர் துணைவிதியைப் பிடித்துக்கொண்டு மக்கள் விருப்பத்தைத் தடுக்கிறார்' என்று மாலையே செய்தி பரவியது. ஆம், தடுத்தேன். அந்த மூன்றாவது உரைக்கு வந்த 14 பேருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் என் மீது ஒன்பது புகார்க் கடிதங்கள் வந்தன. ஒன்பதிலும் 'வெளிப்படைத்தன்மை' என்ற சொல் 'வெளிப்படத்தன்மை' என்று ஒரே மாதிரி பிழையாக இருந்தது. பழைய ஏதென்ஸில் ஒருவரை நாடு கடத்த வேண்டுமென்றால் பானையோட்டில் பெயர் கீறி வாக்களிப்பார்கள். அக்ரோபொலிஸ் குன்றின் சரிவிலிருந்த ஒரு கிணற்றில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் பெயர் கீறிய ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தமே 14 பேர் எழுதியவை. முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்கத் தயாராக இருந்தவை என்கிறார்கள். அவர்களாவது பெயரைப் பிழையில்லாமல் கீறியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். 37 பேர் நிலுவை. அதில் 12 பேருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெரு நாட்டில் அதிபர் ஃபுஜிமோரி ஆட்சியின்போது உளவுத்துறையை ஆட்டிவைத்த மான்டெசினோஸ், நீதிபதிகளுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு லஞ்சத்தைத் தொலைக்காட்சி உரிமையாளர்களுக்குக் கொடுத்தார். சந்தாதாரர்கள் கட்டணத்தில் ஓடிய ஒரு சிறு கேபிள் சானலை மட்டும் அவர் பொருட்படுத்தவில்லை. 2000 செப்டம்பரில் அவர் லஞ்சப் பணத்தை எண்ணிக்கொடுக்கும் காட்சி அந்தச் சானலில்தான் முதலில் வந்தது. நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். சந்தா என்பதைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன. சில ரசீதுகள் வந்து சேர வேண்டியிருப்பதால் தணிக்கையாளர் இன்னும் கையெழுத்திடவில்லை. முழுக் கணக்கு விரைவில் சுற்றுக்கு விடப்படும். சென்ற ஆண்டுக் கணக்கும் அதனுடன் வரும்.

இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டை யாராவது எடுத்து வீசுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்து அந்த விதிப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலைக்கே தகுதியற்றவர். அவருடைய உறவினரும் அப்படியே. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. நான் ஏழாண்டாகச் செயலாளர். குரல் பதிவு அனுப்பிய நண்பர் கேட்டவற்றில், ஏழாண்டாக ஒருவரே ஏன் என்ற இந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. என் தரப்பில் பதில், ஏழு முறையும் வேறு யாரும் வேட்புமனு தரவில்லை.

தலைவர், பொருளாளர், அரங்கம் தந்து உதவியோர், உரையாற்றிய அறிஞர்கள், ஒலிபெருக்கி அமைத்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. வேட்புமனுப் படிவங்கள் என்னிடம் உள்ளன, சந்தா நிலுவை இல்லாத யாரும் வாங்கிக்கொள்ளலாம். போன ஆண்டு பத்து அச்சடித்தோம், பத்தும் அப்படியே இருக்கின்றன. கால வரம்பை நீக்கும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக முறைப்படி மீண்டும் வந்திருக்கிறது. இந்த அறிக்கையை வாசிக்க எழுந்தபோது வருகைப் பதிவேட்டில் 26 கையெழுத்துகள் இருந்தன. வாசலில் நின்று அலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள் உள்ளே வந்து கையெழுத்திட்டால், தீர்மானம் எதுவானாலும், வாக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்