சான்டா சோஃபியா துறைக்கு ஒரு நன்றி மடல்

வெனிஸ் சான்டா சோஃபியா துறையில் துடுப்புப் போடும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

அம்மா நேற்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். போனில் முதலில் உங்களைத்தான் விசாரித்தார்.

என்னோடு 40 நாள் தங்க அவர் வந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்த ஊரிலோ ஆட்டோ, கார் எதுவும் கிடையாது. எங்கே திரும்பினாலும் பாலம், பாலமெல்லாம் படிக்கட்டு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய கால்வாயைத் தாண்டவோ மொத்தமே 4 பாலங்கள். மூன்றாம் நாள் ரியால்டோ பாலத்தின் பாதியில் உட்கார்ந்தவர், "இனிமே நான் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கீழ்வீட்டு அம்மாள்தான் உங்கள் துறையைக் காட்டினார். அவருக்கும் நன்றி. கொண்டோலா என்ற நீண்ட துடுப்புப் படகு என்றால் சுற்றுலா வருபவர்களுக்கான விலை கூடிய சவாரி என்று நினைத்திருந்தேன். 2 யூரோவுக்கு அக்கரை மீன் மார்க்கெட்டில் இறக்கிவிடும் கொண்டோலாவும் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அதன்பிறகு அம்மா வீட்டில் தங்கவே இல்லை. உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே கடக்கும் படகில் அவருக்கு மட்டும் தினமும் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தீர்கள். நீர் வற்றும் வேளையில் படகு துறைக்கு வெகு கீழே போய்விடும். அப்போது ஒருவர் படகை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் அம்மாவின் இரு கைகளையும் தாங்கி இறக்குவார். அவசரப்படுத்தியதே இல்லை. மாத்திரைப் பையைப் படகிலேயே விட்டுவந்த அன்று எவ்வளவு பதறினோம்! மறுநாள் காலையில் நாங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினீர்கள்.

அம்மா கொள்ளிடக் கரையில் பிறந்தவர், பரிசலில் போய்வந்தவர். நீங்கள் நின்றுகொண்டு, முன்னே பார்த்தபடி துடுப்புப் போடுவதை அவர் கண்கொட்டாமல் பார்ப்பார். துடுப்பை எதிலும் கட்டுவதில்லை; ஃபோர்கோலா என்ற வளைந்த வால்நட் கட்டைமேல் சும்மா சாய்த்திருக்கிறீர்கள். முன்னே போக ஒரு வளைவு, பின்னே வர இன்னொரு வளைவு. கையில்தான் எல்லாம் இருக்கிறது.

சவாரி கொண்டோலாவை ஒருவரே வலப்பக்கம் மட்டும் துடுப்புப் போட்டு ஓட்டுகிறாரே, அது ஏன் வட்டமடிப்பதில்லை என்று அம்மாவுக்கு ஒரே சந்தேகம். சான் த்ரோவாசோ தோணிப் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு அதை விளக்கிய பெரியவருக்கும் என் நன்றி. இடப்பாதி 24 சென்டிமீட்டர் அகலம் கூடுதலாம். அந்தக் கோணல்தான் படகை நேராகப் போகவைக்கிறது. ஒரு கொண்டோலாவுக்கு 8 வகை மரம், 280 துண்டுகள் என்று அவர் சொன்னபோது, தச்சர் மகளான அம்மா ஒரு பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை காலை, அம்மா உங்களுக்கென்று சுட்டுவைத்த முறுக்கு டப்பாவோடு துறைக்கு வருகிறேன். இதையெல்லாம் இத்தாலியனில் வாசித்துக்காட்டுகிறேன். கொஞ்சம் தடுமாறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மாவுக்காகவும் சேர்த்து, மகள்