நிறுத்திவைக்கும் டிராக்டரின் பேட்டரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உழவு முடிந்ததும் அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடிப் பக்கம் டிராக்டர்கள் மாதக்கணக்கில் தகரக் கொட்டகையில் நிற்கின்றன. அடுத்த பருவத்தில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம்தான் வரும். பெரும்பாலும் பேட்டரியைக் கொன்றது வயது அல்ல; சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்ததுதான். அப்படிக் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏறாது.

நிறுத்தும் நாளிலேயே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். முதலில் மைனஸ் கேபிள், அடுத்து பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் வண்டியின் பாடியோடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட், பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அந்த ஒரு பொறிக்கே பெட்டி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். மோதிரம், காப்பைக் கழற்றிவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். சார்ஜரையும் ஆஃப் செய்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள்.

டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியைச் சுரண்டி ஊதாதீர்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீர் விட்டால் நுரைத்துக் கரையும். அது செல்லுக்குள் மட்டும் இறங்கக் கூடாது. கேபிளை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. நிற்கும் அளவுக்கு. போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம், உப்பு பிளேட்டைத் தின்றுவிடும். குறைவது தண்ணீர்தான் என்பதால் ஆசிட் சேர்க்கவும் கூடாது.

80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வேண்டாம். முழு சார்ஜில் சில மணி நேரம் ஓய்ந்தபின் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4-க்குக் கீழே போனால் மறுபடி சார்ஜ். வெப்பம் 10 டிகிரி ஏறினால் தானாகச் சார்ஜ் இறங்குவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரத்தின் கீழ் வைத்தால் நிலைமை சொல்ல வேண்டியதில்லை. நிழலும் காற்றும் உள்ள இடம் போதும். அடுப்பு, வைக்கோல், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சிமெண்ட் தரை சார்ஜை உறிஞ்சும் என்பார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

திரும்ப மாட்டும்போது கிளாம்ப் ஆடாமல் இருக்கட்டும். வரப்பிலும் பீஞ்சமந்தை மலைப்பாதையிலும் குலுங்கினால் பிளேட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேர்ந்து செல் ஷார்ட் ஆகும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ பெட்டி விரியும்.

வேளாண்மைப் பொறியியல் துறை தன் பயிற்சி முகாம்களில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, விவசாயிகளின் கையிலேயே ஸ்பேனரையும் மீட்டரையும் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டிராக்டர் எலெக்ட்ரீஷியன்கள்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.