பின்சக்கர நட்டுக்கு ஒரு ஸ்பேனர்: மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும், வடிவமைப்புப் பொறியாளர்களுக்கும், வண்டியோடு எதைக் கொடுப்பது எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நெடும்பயண வண்டி என்று சொல்லி நீங்கள் விற்கும் ஒவ்வொரு வண்டியிலும், அதன் இரண்டு சக்கரங்களையும் வழியிலேயே கழற்றி மாட்டுவதற்கான கருவிகள் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் கையேடும் ஒயரிங் வரைபடமும் வாங்கியவர் கைக்கு வர வேண்டும். இவ்வளவுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை. டூல் கிட் எந்த வருடத்திலிருந்து மெலிந்தது, கிக்கர் எப்போது காணாமல் போனது, சென்டர் ஸ்டாண்ட் எப்போது ஆக்சசரி பட்டியலுக்கு மாறியது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முடிவெடுத்தவர்களே நீங்கள்தானே. அந்த முடிவு சாலையில் எப்படி இருக்கும் என்பது மட்டும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது. அதைச் சொல்கிறேன்.

ஆள் நடமாட்டமில்லாத ஒரு நெடுஞ்சாலை. உச்சி வெயில். பின்பக்கம் பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் டயரில் ஒரு ஆணி, தலைவரை இறங்கியிருந்தது. டியூப்லெஸ் டயராக இருந்திருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய திரியை வெளியிலிருந்தே குத்தி இறக்கி, காற்றடித்துக்கொண்டு போய்விடலாம். சக்கரத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் நீங்கள் கொடுத்தது ஸ்போக் சக்கரம். மோசமான சாலையில் அடி தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறீர்கள், அது உண்மையும்கூட. ரிம்மின் நடுவில் ஸ்போக் துளைகள் இருப்பதால் காற்று நிற்காது. ஆகவே உள்ளே டியூப். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். (ஸ்போக்கை ரிம்மின் விளிம்பில் கோத்து டியூப் இல்லாமலே ஓடும் சக்கரங்களும் இருக்கின்றன. விலை உயர்ந்த மாடல்களுக்கு மட்டும் அந்தக் கருணை.)

சரி, கழற்றுவோம் என்று சீட்டைத் தூக்கி டூல் கிட்டை எடுத்தேன். ரெக்சின் பை ஒன்று. அதற்குள் இரண்டு முனையிலும் மாற்றிப் போடக்கூடிய ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், இரண்டு ஆலன் கீ. பின்சக்கரத்தின் அச்சை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டுக்கு எதுவும் இல்லை. பையைக் கவிழ்த்து உதறியும் பார்த்தேன். டியூப் இருந்தது, டயர் லீவர் இருந்தது, கைப்பம்ப் இருந்தது. எல்லாம் நான் வாங்கி வைத்தவை. நட்டைத் திறக்க வழி இல்லாததால் அத்தனையும் வெறும் சுமை.

வண்டியோடு வந்த உபயோகிப்பாளர் கையேட்டைப் புரட்டினேன். ஹெல்மெட் போடுங்கள், மது அருந்தாதீர்கள், சைலன்சரைத் தொடாதீர்கள் என்று பக்கம் பக்கமாக அக்கறை. பஞ்சர் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும். அந்த வரியை எழுதியவர் அந்த இடத்தில் நின்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். சிக்னல் வரும் இடம் தேடி ஒரு மேட்டில் ஏறி நின்றுதான் அழைக்க முடிந்தது. சேசிஸ் எண் கேட்டார்கள், சொன்னேன். வண்டி வாங்கிய தேதி கேட்டார்கள், சொன்னேன். கடைசி சர்வீஸ் எங்கே என்றார்கள், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "நீங்கள் இருக்கும் இடம் எங்கள் சேவை எல்லைக்குள் வரவில்லை" என்றார் ஒருவர், மிகவும் பணிவாக. அதை முதல் கேள்வியாகவே கேட்டிருக்கலாம்.

ஒரு கார் நின்றது. அந்த நல்ல மனிதர் தன் வீல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். எங்கள் நட்டுக்கு அது சிறிது. பிறகு ஒரு லாரி. ஓட்டுநர் திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வைத்து நான் ஏறி மிதிக்க, அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கின. என் விரல் முட்டி செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டின் பல்லில் போய் இடித்துத் தோல் உரிந்தது. சென்டர் ஸ்டாண்ட் இல்லாததால் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, எஞ்சினுக்குக் கீழே கல் அடுக்கிச் சக்கரத்தைத் தூக்கியிருந்தோம். மிதித்த வேகத்தில் கல் நகர்ந்து வண்டி என் மேலேயே சாய வந்தது. அவர் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த மடலை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அந்த நட்டு ஏன் அசையவில்லை என்பதையும் பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பின் ஆக்சில் நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். 15 சென்டிமீட்டர் கைப்பிடியுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 68 கிலோ எடையை ஏற்றினால்தான் அந்த முறுக்கு வரும். இது கணக்குப்படி இறுக்கியிருந்தால். சேவை மையத்தில் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை யார் எடுக்கிறார்கள்? காற்றழுத்தத்தில் ஓடும் நட்டு இறுக்கும் கன்னை வைத்து ட்ர்ர்ர் என்று ஒரு நொடி, முடிந்தது வேலை. அதைத் திறக்க நீளமான கைப்பிடி வேண்டும், அதற்குப் பொருந்தும் சாக்கெட் வேண்டும். ஆகவே பெயருக்கு ஒரு தகர ஸ்பேனரைப் போட்டு அனுப்பிவிட்டு "கொடுத்துவிட்டோம்" என்று சொல்லிவிடாதீர்கள். ரிங் ஸ்பேனரும், அதன் வாலில் செருகி நீட்டிக்கொள்ள ஒரு குழாயும் போதும்.

கடைசியில் வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றி, அடுத்த ஊர் மெக்கானிக்கிடம் இறக்கினோம். மழுங்கிப்போன நட்டின் மேல் ஆறுமுக சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, முழ நீள இரும்புக் குழாயைக் கோத்து ஒரு அழுத்து. நட்டு கழன்றது. பகல் முழுவதும் போனது பஞ்சரால் அல்ல. பஞ்சர் ஒட்ட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைச் சேற்றில் ஓடிய மறுநாள் காலை, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. கியர் போட்டால் நின்றுவிடுகிறது. ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சினை நிறுத்தும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சில் சேறு அடைத்திருக்கும் என்று அனுபவமுள்ள யாரும் சொல்லிவிடுவார்கள். கழுவித் துடைத்தும் சரியாகவில்லை. சரி, சுவிட்ச்சைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு ஓட்டலாம் என்றால், எப்படி? சில வண்டிகளில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் போதும். சிலவற்றில் பிரித்துவிட வேண்டும். சிலவற்றில் அங்கே இருப்பது சுவிட்ச்சே இல்லை, காந்த சென்சார்; வெறுமனே ஒயரை முறுக்கி அதை ஏமாற்ற முடியாது. எந்த வண்டியில் எது என்பதை ஒயரிங் வரைபடம் சொல்லும். வரைபடம் உங்கள் சேவை மையங்களில் பூட்டிக் கிடக்கிறது. டிஸ்ப்ளேயில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. என்ன கோளாறு என்ற குறியீடு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குள் இருக்கிறது, அதைப் படிக்கும் கருவியும் உங்களிடமே இருக்கிறது. எனக்கு மிச்சம் அந்த மஞ்சள் விளக்கு.

இதைப் படித்துவிட்டு, பழைய வண்டியே சொர்க்கம் என்று புலம்பும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். மலை ஏற ஏற கார்புரேட்டர் திணறுவதும், அதன் பெட்ரோல் துளையான ஜெட்டை மாற்றக் கையில் பெட்ரோல் வழிய உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். இன்ஜெக்‌ஷன் வந்து அந்தத் தொல்லை போனது. இன்றைய எஞ்சின்கள் முன்பைவிட நம்பகமானவை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் செத்தால் பேட்டரி வற்றும். பேட்டரி அடியோடு வற்றினால் ஃபியூயல் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் மேட்டிலிருந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. பழுது குறைந்திருக்கிறது, வந்துவிட்டால் மட்டும் வழி இல்லை. கிளட்ச் கேபிள் அறுவதும் செயின் லாக் தெறிப்பதும் எந்தக் காலத்திலும் நடப்பவை. அவற்றையாவது எங்கள் கையில் விட்டுவைத்திருக்கிறீர்கள், நன்றி.

1916-ல் வான் பியூரன் சகோதரிகள் அகஸ்டாவும் அடலினும் ஆளுக்கொரு 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் 1982-ல் கிளம்பி 1984-ல் திரும்பினார், பிஎம்டபிள்யூ ஆர்60/6 வண்டியில் உலகைச் சுற்றி. அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ வண்டிகளின் சீட்டைத் தூக்கினால் ஒரு சுருள் நிறையக் கருவிகள் இருக்கும். காற்றடிக்கும் பம்ப்கூட வண்டியோடு வந்தது. வாங்கியவர் தொலைதூரம் போவார், வழியில் ஏதாவது ஆகும், அவரே பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் அவற்றை வைத்தார்கள். இன்று விளம்பரத்தில் மட்டும் நாங்கள் பாலைவனம் தாண்டுகிறோம், ஆறு கடக்கிறோம், பனிமலை உச்சியில் நின்று சூரியனைப் பார்க்கிறோம். அந்த விளம்பர நாயகனுக்கு ஒரு தடவையாவது பஞ்சர் ஆகட்டுமே. அவன் எந்த ஸ்பேனரை எடுக்கிறான் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஸ்பேனருக்கு இடமில்லை, எடை கூடும், செலவு கூடும் என்பீர்கள். ஏழு நிறத்தில் ஒளிரும் டிஸ்ப்ளேக்கு இடம் இருக்கிறது. யார் போன் செய்கிறார்கள் என்று ஓட்டும்போதே காட்ட வசதி இருக்கிறது. உங்கள் சின்னம் பொறித்த காபி குவளையும் சாவிக்கொத்தும் ஜாக்கெட்டும் ஷோரூம் வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான் என்று ஊரில் கேலி செய்வார்கள். இங்கே பேரம் பேசுவது யானையை விற்றவர். டெலிவரி அன்று பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தீர்களே, அந்த அட்டையின் செலவில் பாதி ஸ்பேனர் வந்திருக்கும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கோரிக்கைக்கு வருகிறேன்.

பயிற்சி இல்லாதவர்கள் சக்கரத்தைக் கழற்றினால் ஆபத்து என்பது உங்கள் தரப்பில் நியாயமான கவலை. பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் சரியாக உட்காராமல் போகலாம், இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் கோடு ஒத்துவராமல் போகலாம், பிரேக் பெடலை நாலு தடவை மிதித்து அழுத்தம் வரவைக்காமல் யாராவது கிளம்பிவிடலாம். இவை அத்தனைக்கும் மருந்து நீங்கள் எழுதிப் பூட்டி வைத்திருக்கும் அந்தக் கையேட்டில்தான் இருக்கிறது. கொடுத்தால் சரியாகச் செய்வோம். கொடுக்காவிட்டாலும் செய்யத்தான் போகிறோம், தெரியாமல், கல் மேல் வண்டியை நிறுத்தி. இரண்டில் எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 ஒழுங்குமுறை, இருசக்கர வண்டிகளின் பழுதுநீக்கத் தகவலைச் சுயேச்சை மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்கிறது. அங்கே தர முடிந்ததை மற்ற இடத்து வாடிக்கையாளருக்கும் தருவதில் என்ன தடை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவர்கள் ஓட்டுவதும் இதே வண்டிதான், ஆணியும் அதே ஆணிதான்.

ஆகவே தயவுசெய்து, நெடும்பயணத்துக்கு என்று விற்கும் வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் கழற்றும் கருவிகளைச் சேர்த்துக் கொடுங்கள். பழுதுபார்க்கும் கையேட்டையும் ஒயரிங் வரைபடத்தையும் விலையில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். கோளாறுக் குறியீட்டை அந்த அழகான டிஸ்ப்ளேயிலேயே காட்டுங்கள். போன் செய்கிறவர் பெயரைக் காட்டத் தெரிந்த திரைக்கு ஒரு குறியீட்டைக் காட்டுவது பாரமில்லை. டியூப் உள்ள வண்டியென்றால் சென்டர் ஸ்டாண்டை வண்டியின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். அதுவரை, குறைந்தபட்சம் பின் ஆக்சில் நட்டின் அளவையாவது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டுங்கள், சரியான சாக்கெட்டை நாங்களே வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இந்த மடலுக்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதில் வேண்டாம். அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. எந்த மாடலிலிருந்து, எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் வண்டியையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்