எட்டாம் வகுப்பு மாணவிகளின் ஐஸ் ஹவுஸ் பயணம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை எட்டாம் வகுப்பு மாணவிகளை மெரினா கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லத்துக்கு, அதாவது பழைய ஐஸ் ஹவுஸுக்கு, அழைத்துப் போகிறோம். "அதைத்தான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறார்களே" என்று சிலர் கேட்டீர்கள். பார்க்கிறார்கள், சரி. ஆனால் சின்ன வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகளாகி வெளியே வந்தார்கள் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலில் கட்டடம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். அதைச் சேர்த்து வைக்க 1842 வாக்கில் எழுந்த கிடங்கு இது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதுபோல் இருந்தவை இன்று இல்லை. ஐஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கி, ஜன்னல்களும் வட்டமான தாழ்வாரங்களும் வைத்து வீடாக்கினார். கிடங்கு எது, வீடு எது என்று பிள்ளைகளே சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். அதைப் பற்றிய கண்காட்சி உள்ளே விரிவாகவே இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல விரும்புவது சகோதரி சுப்பலட்சுமியைப் பற்றி. மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவர் இறந்துவிட்டார். அவருடைய அப்பா மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911இல், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை ஆனார். எழும்பூரில் ஒரு வீட்டில் சில பெண்களோடு அவர் தொடங்கிய இல்லம், பிறகு ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பிய காலம் அது. அந்தப் பெண்கள் இதே சாலையில் நடந்து படிக்கப் போனார்கள். ராணி மேரி கல்லூரியும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர்.

ஒன்றை மறைக்க வேண்டாம்: அந்த இல்லத்தில் பிராமண விதவைகளை மட்டுமே சேர்த்தார்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள், நாங்களும் வகுப்பில் பேசுவோம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அந்தக் காலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த பாட்டி, பெரியம்மா யாராவது இருந்தால், எங்கே படித்தார்கள், யார் படிக்க வைத்தார்கள் என்று மகள் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். ஃபோட்டோ இருந்தால் நகல் போதும், அசலை அனுப்ப வேண்டாம்.

சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் சேர்த்துவிடுங்கள். மதியச் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். கடலில் இறங்க அனுமதி இல்லை. இதை மகளிடம் நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், நாங்கள் சொன்னால் மட்டும் கேட்க மாட்டார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை