கிணற்றுக்குள் ஒரு கண்ணாடி இழை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். இப்போது கேஸ் கிணறுகளுக்குள் ஃபைபர் கேபிள் இறக்குகிறோம். இன்டர்நெட் கேபிளுக்குக் கிணற்றில் என்ன வேலை என்பாய். அலிசோ கேன்யன் கதை தெரிந்தால் கேட்க மாட்டாய்.

அது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மலையில் இருக்கிறது. அங்கே பழைய எண்ணெய் வயலுக்குள் கேஸை அடைத்துவைத்து வேண்டும்போது எடுப்பார்கள். அங்கே 1953-ல் தோண்டிய எஸ்எஸ்-25 கிணறு கசிவது 2015 அக்டோபர் 23-ல் தெரியவந்தது. மேலிருந்து சேற்றுக்குழம்பை அடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பிடித்து நிறுத்தியபோது 2016 பிப்ரவரி 11. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. பக்கத்துக் குடியிருப்பான போர்ட்டர் ராஞ்சில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயின. கிணற்றின் சுவராக நிற்கும் ஏழு அங்குல இரும்புக் குழாய், அதாவது கேசிங், 892 அடி ஆழத்தில் உடைந்திருந்தது. நிலத்தடி நீரும் நுண்ணுயிர்களும் அதை வெளிப்பக்கமாக அரித்திருந்தன என்றது 2019 ஆய்வறிக்கை.

வருடத்துக்கு ஒருமுறை கருவியை இறக்கி வெப்பம் அளந்தால், அன்றைய நிலைமைதான் தெரியும். ஃபைபரோ குழாயோடு கட்டப்பட்டு அங்கேயே கிடக்கிறது. மேலிருந்து லேசரைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பினால், இழை நெடுகிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். ஒரு மீட்டர் கீழே உள்ள இடத்திலிருந்து வருவது 10 நானோ செகண்ட் தாமதமாக வரும். ஆழம் அதிலேயே தெரிந்துவிடும். திரும்பும் ஒளி அந்தந்த இடத்துச் சூட்டுக்கு ஏற்ப மாறுவதால் வெப்பமும் தெரியும். வாயு சின்ன ஓட்டையில் பீறிட்டு விரியும்போது குளிரும். திரையில் நேராக இறங்கும் வெப்பக்கோடு அந்த இடத்தில் மட்டும் சடாரென்று உள்ளே மடங்கும். பீறிடும் இரைச்சலில் இழை அதிர்வதையும் தனியாகப் பதிவு செய்யலாம். இரண்டும் ஒரே ஆழத்தைக் காட்டினால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

சிக்கலும் உண்டு. கேஸை ஏற்றி இறக்கும்போது கிணறு முழுக்கவே சூடு மாறுவதால் சின்னக் கசிவு மறைந்துவிடும். மூடிவைத்துக் காத்திருந்து பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் புகுந்தால் கண்ணாடி கருத்துப்போகும், அதற்குக் கார்பன் பூச்சு வேண்டும். ஓட்டையை ஃபைபர் அடைக்காது என்பதும் உண்மை. கேசிங்குக்குள் இன்னொரு குழாய் இறக்கி, கேஸுக்கு இரண்டு தடுப்பு வைத்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியா இப்போது அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எப்படியும் அந்தக் குழாயை இறக்கும் நாளில் ஃபைபரையும் சேர்த்துக் கட்டி இறக்குங்கள் என்றுதான் மீட்டிங்தோறும் மன்றாடுகிறேன். பிறகு அதற்கென்று குழாயை உருவினால் செலவு பல மடங்கு.

மகளுக்கு இங்கே அட்மிஷன் உறுதியானதும் தேதியை எழுது. ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்