க்னூ ஹர்டுக்கான டிஸ்க் ஆவணத்தை முடிக்க உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

க்னூ ஹர்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் எந்த டிஸ்க் ஓடும், எது ஓடாது என்று தமிழில் எழுதிக்கொண்டிருந்த ஆவணம் நேற்று இரவு முடிந்தது. அந்த மழையில் எங்கள் வீடு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் நேரிலேயே வந்து பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்வதை மட்டும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

சோதனைக்கு வைத்திருந்த பழைய கணினிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவை இல்லாமல் இந்த ஆவணம் இல்லை. ஹர்ட் 1990-இல் தொடங்கிய திட்டம். அதன் அடியில் ஓடும் மையப் பகுதியான க்னூ மாக் கர்னலுக்குள் இருக்கிற ஐடிஇ டிரைவர், அதாவது ரிப்பன் கேபிள் மாட்டும் பழைய வகை டிஸ்குகளை இயக்கும் புரோகிராம், பழைய லினக்ஸ் 2.0 காலத்தது. பிறகு, அடுத்த தலைமுறையான சாட்டா டிஸ்குகளுக்காக ஏஎச்சிஐ என்ற முறையில் பேசும் டிரைவர் வந்தது. இப்போது நெட்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் டிரைவர்களை ரம்ப் என்ற இணைப்பு மென்பொருள் வழியாகக் கர்னலுக்கு வெளியே, ஒரு சாதாரண புரோகிராம் போல ஓட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் க்னூ ஹர்டின் (ஹர்டை நிறுவத் தயாராக டெபியன் திட்டத்தார் தரும் தொகுப்பு) 64 பிட் பதிப்பு இதைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே ஒரே டிஸ்க், எந்த டிரைவர் அதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து, எச்டி0 என்றோ எஸ்டி0 என்றோ டபிள்யூடி0 என்றோ வரும். கணினி தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் வேறு பெயர் இருந்தால், இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் கிடைக்காமல் கணினி அங்கேயே நின்றுவிடும். ஓட்டிப் பார்க்காமல் எழுதிவைத்தால், அதை நம்பி ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும் ஒரே கணினியை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இந்த நிலையில்தான் திருப்பாப்புலியூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், பழையது ஒன்றை விலைக்குக் கேட்கத்தான் போனேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஹர்ட் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. பேசாமல் பரணில் இருந்து போர்டுகளையும், ரிப்பன் கேபிளோடு ஐடிஇ டிஸ்குகளையும் இறக்கிவைத்தார். "எடைக்குப் போட எடுத்து வெச்சதும்மா. இங்கேயே உக்காந்து ஓட்டிப் பாத்துக்க" என்றார். கடையில் ஒரு மேசையையும் ஒதுக்கித் தந்தார்.

நான் பெரிதாக நினைப்பது அதற்கப்புறம் நடந்தது. ஒரு நாள் நான் போகும்போது மேசை மேல் ஒரு பில் தாள் இருந்தது. பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். எந்த போர்டு, டிஸ்கில் ஜம்பர் என்ற சிறு செருகி எங்கே, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸில் சாட்டாவை ஐடிஇ மோடில் வைத்தால் திரையில் என்ன பெயர் வருகிறது, ஏஎச்சிஐக்கு மாற்றினால் என்ன பெயர் வருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். திரையில் வந்த ஆங்கில எழுத்துகளை ஒன்று விடாமல் பார்த்து எழுதியிருந்தார். மதியம் ஆள் வராத நேரத்தில், நான் கேட்காமலே, அவராகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார். "நீ சாயந்திரம் வந்துதானே பண்ற, பகல்ல சும்மாதானே கிடக்கு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வராத அழுகை அங்கே வந்தது.

அந்தத் தாளில் இருந்த பயாஸ் மோடு பத்திதான் இன்று ஆவணத்தின் முதல் பத்தி. நம் ஊர்களில் ரிப்பேர் கடைக்காரர்களின் கைக்குத் தெரிந்த அளவுக்கு வன்பொருளைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்? அதை யாரும் எழுதி வாங்குவதில்லை. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் நாம் அவர்களிடம் இன்னும் போகவே இல்லை என்று தோன்றுகிறது.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். புதுச்சேரியில் இருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த காலாப்பட்டு மாணவர்கள், பூட் ஆகாமல் நின்ற திரையின் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரியே பதில் எழுதிய ஹர்ட் டெவலப்பர்கள், எழுத்துப்பிழை பார்த்த முத்தியால்பேட்டை ஆசிரியர், மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்துச் சோறும் போட்ட எதிர்வீட்டு அக்கா, கரண்ட் வந்ததும் ஓடிவந்து சொன்ன தெருப் பிள்ளைகள். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

இனி ஹர்டின் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் இந்தப் பட்டியலைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, தேதி போட்டு எழுதுவேன். ஓடாததையும் ஓடவில்லை என்றே எழுதுவேன். அண்ணன் கடை போர்டுகளில் இருந்துதான் தொடங்குவேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ யார் வீட்டிலாவது பழைய கணினி சும்மா கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போர்டின் பெயர், பயாஸ் மோடு, டிஸ்க் எந்தப் பெயரில் வந்தது, இந்த மூன்றும் போதும். நானே வந்து ஓட்டிப் பார்த்து, உங்கள் பெயரோடு சேர்த்துவிடுகிறேன்.